பேரரசியாக மறுத்த என் மகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடர் நாடகத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழையெல்லாம் எங்கள் வீட்டுப் பிழை. அதிலும் முக்கால்வாசி என்னுடையது. இதை வேறு யாராவது சொல்லி நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், ஆனபடியால் நானே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில். நான், கணவர், ஒரே மகள். மகளுக்குப் பதின்மூன்று வயது நடந்த அந்த மாரிகாலத்தில் அவள் ரீவியில் ஒரு ஜேர்மன் நாடகத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பேர்க் அரச குடும்பத்துக்குள் பதினாறு வயதில் மருமகளாகப் போய்ப் பேரரசியான ஒரு பெட்டையின் கதை. பெரிய மாளிகை, நிலத்தைக் கூட்டிக்கொண்டு போகும் பாவாடைகள், குதிரைகள். நான் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை. விடியப் போனால் இரண்டரைக்கு வீட்டில் நிற்பேன். உடுப்பு மடிக்கிற சாட்டில் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவர்கள் பேசுவது ஜேர்மன், கீழே ஓடுவது இங்கிலிஷ். நான் ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் அவர்கள் மூன்று அறை தாண்டிப் போய்விடுவார்கள். மகள் நிறுத்தி நிறுத்தி எனக்கு விளக்கம் சொல்லுவாள்.

இரண்டாம் நாளே எனக்கும் விசர் பிடித்துவிட்டது. காரணம் அந்த மாமியார்க்காரி. மருமகள் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், யாரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. மகன் நாட்டுக்கே ராசா. தாய்க்கு முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

"அம்மா, திஸ் இஸ் லிற்றறலி மாமி" என்றாள் மகள்.

"வாயை மூடடி" என்று சொல்லிவிட்டு நானும் சிரித்தேன்.

அவள் சொன்ன மாமி, என் கணவரின் மூத்த அக்கா. எனக்கு மச்சாள். ரொறன்ரோவுக்கு மற்றப் பக்கம், பிறம்ரனில் இருக்கிறார். குடும்பத்தில் முதலில் கனடாவுக்கு வந்தவர் அவர்தான். பக்டரியில் இரண்டு ஷிப்ற் நின்று உழைத்துத் தம்பியைக் கூப்பிட்டு எடுத்தார். பிறகு தம்பிக்கு என்னைப் பேசி, என்னையும் கூப்பிட்டு எடுத்தார். எங்கள் வீட்டுக்கு எந்த நிறத் திரைச்சீலை என்பதையும் அவர்தான் சொன்னார். பதினேழு வருடமாக நான் அவருக்கு முன்னால் "ஓம் மச்சாள்" என்பதைத் தவிர வேறு வசனம் பேசியதில்லை. நக்குண்டார் நாவிழந்தார் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெப்ரவரியில் ஒரு நாள் மகள் குளியலறைக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். விஷயம் விளங்கியது. அவளுக்கும் விளங்கியிருந்தது, பள்ளிக்கூடத்தில் எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பயப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ப்ரொமிஸ்?"

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றேன். அவளின் தலையைத் தடவிக்கொண்டுதான் சொன்னேன்.

பத்து நிமிடம் கழித்துக் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிறம்ரனுக்கு அடித்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் சத்தியம் பண்ணவில்லை. எங்கள் ஆட்களில் பிள்ளை பெரியவளானால் முதலில் மாமிக்குத்தான் சொல்ல வேண்டும். மாமி வந்துதான் தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். மாமிக்குச் சொல்வது "ஒருத்தருக்குச் சொல்வது" என்ற கணக்கில் வரும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மழை பெய்தால் குடையை எடுக்கிற மாதிரித்தான் போனை எடுத்தேன்.

பின்னேரம் ஆறு மணிக்குள் லண்டன், பாரிஸ், மொன்றியல் எல்லா இடத்திலிருந்தும் வாழ்த்து வந்துவிட்டது. ரோசாப் பூப் படம், குத்துவிளக்குப் படம். மகளின் போனுக்கே ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் வாழ்த்து அனுப்பியிருந்தான். அவள் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து அந்தப் போனை என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். நான் வாசித்து முடித்ததும் திரும்பிப் போனாள். நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் மச்சாள் நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தம்மாவுமாக வந்து இறங்கினார்.

அன்றைக்கே சாமத்தியவீட்டுப் பேச்சும் தொடங்கிவிட்டது. பெரியபிள்ளையானவளை அலங்கரித்து, சபையைக் கூட்டி, ஆராத்தி எடுத்து, சாப்பாடு போடுவது ஊரில் எல்லாரும் செய்ததுதான். ரொறன்ரோவில் அது வேறு எங்கேயோ போய்விட்டது. ஒருவர் பிள்ளையைப் பல்லக்கில் தூக்கினால் அடுத்தவர் ஹெலிகொப்டரில் இறக்குவார். மச்சாளுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். "எனக்கு ஒரு சாமத்தியவீடு செய்து பாக்கக் குடுத்துவைக்கேல்லை. உவளுக்காவது செய்வம்" என்றார்.

எனக்கும் ஆசை இருந்தது. அதை ஏன் ஒளிக்க? நான் பெரியபிள்ளையானபோது நாங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பத்தோடு இருந்தோம். அம்மா ஒரு சேலையைக் கயிற்றில் கட்டி மறைப்பு விட்டார். அவ்வளவுதான் என் சாமத்தியவீடு. அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். அந்தக் கடனை என் பிள்ளையில் தீர்க்கலாம் என்று நான் நினைத்தேன். அதனால்தான் என் வாயால் அடுத்த பிழையும் வந்தது.

"அவளுக்கு அந்த அரசி நாடகமெண்டால் உயிர் மச்சாள். நாள் முழுக்க உதுதான் பாக்கிறாள்" என்றேன்.

அவ்வளவுதான். அடுத்த கிழமை "பேரரசித் தீம்" என்று முடிவாகிவிட்டது. முதலில் பாவாடை தாவணி, பிறகு உள்ளே வளையம் வைத்துத் தைத்த வெள்ளைக் கவுண். தலை முழுக்க நட்சத்திரக் கல்லு. கலியாண ஹோலின் கார்ப் பார்க்குக்குள் நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டி. ஆவணி மாதம், ஸ்காபரோவில் ஹோல், நானூறு பேர். அழைப்பிதழில் ஹப்ஸ்பேர்க் அரசரின் சின்னமான இருதலைக் கழுகைப் பொன் நிறத்தில் அடித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் "உதென்ன பிள்ளை, ரெண்டு தலைக் கோழி?" என்று கேட்டார். பிள்ளையாரும் பக்கத்தில் இருந்ததால் குறை ஒன்றும் இல்லை என்று மச்சாள் சொன்னார்.

மகளிடம் யாரும் கேட்கவில்லை, சொன்னோம். அவள் "நோ" என்றாள். "சின்னப்பிள்ளையள் முதல் அப்பிடித்தான் சொல்லுவினம். மேக்கப் போட்டு விட்டாப்பிறகு கண்ணாடியை விட்டு எழும்பாயினம்" என்றார் மச்சாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கொதி வருகிறது.

அவள் பிறகு சண்டை பிடிக்கவில்லை. தையல்காரி அளவெடுக்க வந்தபோது கையை விரித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். சம்மதித்துவிட்டாள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பள்ளிக்கூடம் முடிகிற கிழமை, பழையபடி என்னோடு மனம் விட்டுக் கதைக்கத் தொடங்கி, நாடகத்தை முதலிலிருந்து பார்ப்போமா என்று கேட்டாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ரீ போட்டுக்கொண்டு வந்து இருந்தேன்.

முதல் தடவை நான் சரியாக விளங்காமல் விட்ட ஒரு இடம் வந்தது. பேரரசிக்கு உடுப்பு மாற்றி விடுகிற தோழிப் பெண் ஒவ்வொரு மாதமும் மாமியாரிடம் போய்ப் பேரரசிக்கு அந்த மாதம் வந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். மாமியார் அதைக் கேட்டு வைத்தியருக்குச் சொல்லுவாள். வைத்தியர் மந்திரிக்குச் சொல்லுவார். அன்றிரவு விருந்துக்குப் பேரரசி படியால் இறங்கி வர, சபை முழுக்க அவளின் வயிற்றைப் பார்க்கிறது. எல்லாரும் குனிந்து வணக்கம் சொல்கிறார்கள். அவள் கண் கலங்கி நிற்கிறாள்.

"பாவம்" என்றேன்.

மகள் படத்தை நிறுத்தினாள். "ஏன் அவ அழுறா எண்டு விளங்குதா அம்மா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்செண்டு."

"யா. நானூறு பேர் வருவினம். எதுக்கு வருகினம் எண்டு எல்லாருக்கும் தெரியும். என்ர மாத்ஸ் ரீச்சருக்கும் கார்ட் குடுக்கச் சொல்லி மாமி சொன்னவ. நான் அந்தப் படியால இறங்கி வர வேணும், எல்லாரும் என்னைப் பாப்பினம். சேம் திங்."

"நீ அந்த உடுப்பிலை ஆசைப்பட்டுத்தானே உதைப் பாக்கிறாய்?"

"உடுப்புக்கா? அம்மா, அவ அந்த உடுப்போட குதிரையில ஏறி ஓடிப் போறா. நான் அதுக்குத்தான் பாக்கிறன்."

ரீக் கோப்பையைக் கீழே வைத்தேன். "அப்ப உனக்கு வேண்டாமோ?" என்று கேட்டேன்.

"நான் பெப்ரவரியிலேயே சொன்னனான். நீங்கள் ப்ரொமிஸ் பண்ணினீங்கள்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பியிருப்பேன். அந்த இடத்தில் நான் ஒரு முடிவெடுத்தேன். என் வாயால் போன மானத்தை என் வாயாலேயே திருப்பிக் கொண்டு வருவது. இனி இந்தப் பிள்ளையை எவரும் மேடையில் ஏற்ற முடியாது, அது பிறம்ரனாக இருந்தாலும் சரி, வியன்னாவாக இருந்தாலும் சரி.

கணவர் ரெயினால் வந்து சப்பாத்துக் கழற்றும்போதே சொன்னேன். அவர் சப்பாத்தை மறுபடி போடலாமா என்று யோசிப்பவர் மாதிரி நின்றார்.

"அக்காவுக்கு நீயே சொல்லு. என்னாலை ஏலாது" என்றார்.

"அக்காவுக்குப் பிறகு. முதல் சனத்துக்குச் சொல்லுறன்."

அதில் ஒரு கணக்கு இருந்தது. மச்சாளுக்கு முதலில் சொன்னால் அவர் அழுவார், சாப்பிடாமல் கிடப்பார், தன் இரண்டு ஷிப்ற் வேலையிலிருந்து தொடங்குவார். நான் உருகிவிடுவேன். பதினேழு வருடமும் அப்படித்தான் நடந்தது. சனத்துக்குச் சொல்லிவிட்டால் சொன்னது சொன்னதுதான். எங்களில் கார்ட் மட்டும் அனுப்பினால் ஒருவரும் வர மாட்டார்கள், வாயால் சொல்ல வேண்டும். வாயால் கூப்பிட்டவர்களை வாயால்தான் வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் பெயர்ப் பட்டியலைச் சமையலறை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அடித்தேன். மகள் படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமத்தியவீடு நிப்பாட்டியாச்சு. பிள்ளைக்கு விருப்பமில்லை, எனக்கும் விருப்பமில்லை." இவ்வளவுதான் என் வசனம். ஒருவராவது இதை அப்படியே நம்பினால்தானே.

"என்ன, பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ?" என்றார் ஒருவர். "உங்களுக்குள்ளை ஏதும் பிரச்சினையோ?" என்றார் இன்னொருவர். ஒரு அன்ரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆரும் பெடியனோடை...?" என்று இழுத்தார். பதின்மூன்று வயதுப் பிள்ளை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைக் கடித்திருப்பேன்.

"இல்லை அன்ரி. பிள்ளையைக் கேட்டனாங்கள், வேண்டாமெண்டாள்."

"பிள்ளை சொல்லி நிப்பாட்டுறதோ? நல்லாச் செல்லம் குடுத்திட்டியள்."

"ஓம் அன்ரி, நல்லாத்தான் குடுத்திருக்கிறம்" என்று சொல்லி வைத்தேன். படியில் ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெப்ரவரிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பதினாலாவது அழைப்பு நடக்கும்போதே பிறம்ரனிலிருந்து போன் வரத் தொடங்கியது. நான் எடுக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது தெரிந்ததுதான். சனிக்கிழமை நெரிசலில் நானூற்றியொன்று நெடுஞ்சாலையைப் பிடித்து மச்சாள் எப்படி ஒரு மணித்தியாலத்துக்குள் அஜக்ஸ் வந்தார் என்பதுதான் எனக்குத் தெரியாது. கணவர் காரைக் கண்டதும் பின்வளவில் புல்லு வெட்டப் போய்விட்டார். மாளிகையில் ராசா செய்கிற வேலைதான்.

மச்சாள் செருப்பும் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தார். "ஆரைக் கேட்டு நிப்பாட்டினனி?"

"என்ரை பிள்ளையைக் கேட்டு."

பதினேழு வருடத்தில் முதல் தடவையாக என் வாயிலிருந்து "ஓம் மச்சாள்" வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளையை ஆரும் கேக்கிறதோ? உலகத்திலை உப்பிடி ஒரு வழக்கம் இருக்கோ? என்னை ஆர் கேட்டது?" என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. "என்ரை சாமத்தியவீட்டுக்கு நாலு லவுட்ஸ்பீக்கர் கட்டினவை. ஒழுங்கை முடியிற இடம் வரைக்கும் பாட்டு. ரியூசன் வாத்தியாரைக் கூப்பிட்டவை. என்னோடை படிச்ச பெடியளின்ரை தாய் தேப்பனைக் கூப்பிட்டவை. கணக்கிலை நான்தான் முதலாம் ஆள், தெரியுமோ உனக்கு? பிறகு ஒரு திங்கக்கிழமை வகுப்பு வாசலிலை போய் நிக்கிறன், பின்வாங்கிலை இருந்தவங்கள் அந்தப் பாட்டைப் பாடுறாங்கள். முழு வகுப்பும் சிரிக்குது. வாத்தியாரும் சிரிக்கிறார். நான் திரும்பி வந்திட்டன். அதோடை சரி. நான் பொறுத்தனான்தானே? நான் செத்தா போனன்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னார் என்பது அவருக்கே கேட்டது போலிருந்தது. கதிரையில் இருந்துவிட்டார். அவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பதில்கள் எத்தனையோ. பதினேழு வருடத்துச் சேமிப்பு. ஒன்றும் வெளியே வரவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் இன்னும் இருந்தது, ஆனால் அந்த வகுப்பு வாசலில் நின்ற பிள்ளையை நினைக்க எனக்கு அழுகை வந்தது.

"உங்களைக் கேட்டிருக்க வேணும் மச்சாள். கேக்காமல் விட்டது பெரிய அநியாயம்" என்றேன்.

மகள் படியால் இறங்கி வந்தாள். மாமிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, அதுக்குப் பிறகு நீங்கள் மாத்ஸ் படிக்கவே இல்லையா?"

மச்சாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இல்லையம்மா" என்றார்.

மகள் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரோடு ஒட்டி இருந்தாள். மச்சாள் தோளில் கிடந்த சோலால் முகத்தைத் துடைத்தார். பின்வளவில் புல்லு வெட்டுகிற மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் ரீ வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

"எண்டாலும் நீ எனக்குச் சொல்லாமல் செய்தது பிழை" என்றார்.

"பிழைதான். பேசுங்கோ, நிண்டு கேக்கிறன். ஆனா இவளை மேடையிலை ஏத்த விடமாட்டன்."

"ஆர் இப்ப ஏத்தச் சொன்னது?" என்று என் மேல் பாய்ந்தார். பிறகு மேசையில் கிடந்த பட்டியலை இழுத்துப் பார்த்தார். "இன்னும் எத்தினை பேர் கிடக்கு?"

"அரைவாசிக்கு மேலை."

"தா இஞ்சை. தம்பி பெண்சாதி நிப்பாட்டினவள் எண்டு ஊர் கதைக்க நான் விடுவனோ?" கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். பட்டியலில் மிகப் பெரிய வாய் யாருடையது என்று தேடிப் பிடித்து அந்த இலக்கத்தை அடித்தார். மறுபக்கத்தில் கேள்வி மேல் கேள்வி வந்திருக்க வேண்டும். மச்சாள் முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஒரு கை மகளின் தோளில் இருந்தது.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?" என்றார். "பிள்ளையைக் கேக்காமல் என்னெண்டு செய்யிறது?"